நெற்றிக்கும் தரைக்கும் இடையில்

“…அது மேல இருக்கிறவனுக்குச் சொல்ற பதில், நானா. எனக்கு என்ன பதில்?”

கிளினிக்கில் டொக்டர் அம்மா இப்படிக் கேட்டார். (நானா என்பது முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறை.) எப்படி இருக்கிறீங்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பது பொருள். கிண்ணியா என்ற எங்கள் கடலோர ஊரில் எங்களில் யாரைக் கேட்டாலும் இதுதான் வரும். காய்ச்சலில் கிடப்பவரும் சொல்வார், வலையில் ஒன்றும் படாமல் கரையேறியவரும் சொல்வார். முன்பு எனக்கு வைத்தியம் பார்த்தவர்கள் அதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டு, அதே குளிசைகளை (மாத்திரைகளை) தந்து அனுப்பினார்கள். அவர்களில் பிழையில்லை. நானும் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் என் நோய் சொகுசாகக் குடியிருந்தது, அவ்வளவுதான்.

நோய் கால் வழியாக வந்தது. பாலத்தடியில் தேத்தண்ணி (தேநீர்) கடை வைத்திருக்கிறேன். ஒரு பின்னேரம் ஒளூச் செய்யும்போது (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) கணுக்காலில் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. ஈரமணலில் காலடி மூடுவதுபோல மெல்ல மெல்ல மூடியது. நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் காலிலும் அமுக்கிப் பார்த்தேன்.

பிறகு மூச்சு. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறும். மத்தியானங்களில் சாய்மனைக் கதிரையில் (சாய்வு நாற்காலியில்) இருந்தபடியே கண்ணயர்வேன். அப்போது என் கடை கடலில் மிதக்கும். வாடிக்கையாளர்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று, பயமே இல்லாமல், கோப்பையைப் பிடித்தபடி கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வரும். “நானா, சீனி கொஞ்சம் குறைவு” என்பார் ஒருவர். சீனி எடுக்கத் திரும்பும்போது விழித்துவிடுவேன். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் தரை அசையும்.

பெரியாஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள்: இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். (இதயம் நின்றுபோவதை இது குறிக்காது. அடிக்கும் வலு குறைந்து, உடம்பில் நீர் தேங்குவதைக் குறிக்கும்.) இதே பெயரைக் கேட்டுவிட்டு வீட்டில் பேசாமல் இருக்கும் ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டொக்டர் அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். இது புதுவிதமான கிளினிக். டொக்டர், தாதி, மருந்தாளர், நோயாளி, அவருடைய வீட்டார் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். என்ன செய்ய ஏலாமல் போனது, எதைத் திரும்பச் செய்ய ஆசை என்று முதலில் நோயாளி சொல்ல வேண்டும். “அந்த ஆசை நிறைவேறிச்சா எண்டதை வச்சுத்தான் எங்கட வைத்தியத்துக்குப் பெறுமதி” என்றார் டொக்டர் அம்மா.

எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னேன். சுஜூது (நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் நிலை) செய்ய ஏலவில்லை. குனிந்தால் மூச்சு முட்டி, கண் இருட்டும். பள்ளிவாசலில் பின்னால் கதிரை போட்டுத் தொழுகிறேன். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் முன்வரிசையில் எல்லா முதுகும் ஒன்றாகக் குனியும்போது நான் மட்டும் நிமிர்ந்து இருப்பேன். அலை இறங்கும்போது தனித்துத் தெரியும் கல்லைப் போல.

என் கூட்டாளி ரபீக் விடுவானா? “மச்சான், நீ இப்ப மந்திரிமாருக்கு மேல. கதிரையில இருந்தா எழும்பவே மாட்டாய்” என்றான் ஒரு ஜும்ஆவன்று (வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்டுத் தொழுகை). நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“அப்ப, நெற்றி நிலத்தில படவேணும். அதுதானே?” என்று கேட்டார் டொக்டர் அம்மா.

“ஓம்.”

“நீரைக் குறைக்கிற குளிசையை ஒழுங்காப் போட்டும் இவ்வளவு வீக்கம் நிக்குதே?”

நான் கூரையைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஹலீமா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தாள்.

“எங்க ஒழுங்கா? வெள்ளிக்கிழமையில அதத் தொடவே மாட்டாரு டொக்டர். அதப் போட்டா அடிக்கடி ஒண்டுக்குப் போகணும், ஒளூ முறிஞ்சிரும். கிளினிக் வார நாளும் போடமாட்டாரு, பஸ்ஸுக்குள்ள என்ன செய்ற? மற்ற நாளையில பகல் லுஹர் தொழுகைக்கு முதல் வேணாம் எண்டுவாரு. பொறகு மறந்திருவாரு.”

“நீ என்ர ஆளா, அவங்கட ஆளா?” என்றேன்.

“நான் உங்கட நெஞ்சுட ஆள்” என்றாள். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

தொழுகைக்காகக் குளிசையை விட்டேன். குளிசையை விட்டதால் தொழுகை கதிரைக்குப் போயிற்று. இதை அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் சேர்த்து யோசிக்கவில்லை. டொக்டர் அம்மா ஏசவில்லை. என் தொழுகை நேரங்களைக் கேட்டார். மருந்தாளரோடு கதைத்து, மற்ற நாட்களில் லுஹர் முடிந்த கையோடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பின் ஒரு நேரம், கிளினிக் நாளில் வீடு திரும்பிய பின் ஒரு நேரம் என்று மாற்றித் தந்தார். (நீங்களாக மாற்றிவிடாதீர்கள். கேட்டு மாற்றுங்கள்.) தினமும் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பின் தராசில் ஏறி நிறை பார்க்க வேண்டும். சட்டென்று கூடினால் தாதிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். உப்பையும் நீராகாரத்தையும் குறைக்கச் சொன்னார்கள்; கருவாட்டை விட்டேன். கடையில் ஒவ்வொரு கேத்தல் தேத்தண்ணியையும் ருசி பார்ப்பதை விடத்தான் பட்டபாடு சொல்லி முடியாது.

தண்ணீர் இறங்கியது. கணுக்காலில் எலும்பு தெரிந்ததைப் பார்த்து, நெடுநாள் காணாத ஒருவரிடம் போல, “வாங்க” என்றேன். கனவில் கடை கரை தட்டியது. ஆனாலும் குனியப் பயம் விடவில்லை. நோய் போன இடத்தில் பயம் கதிரை போட்டு இருந்துகொண்டது.

சில மாதங்களின் பின் எக்கோ எடுத்தார்கள் (ஒலியலையால் இதயம் அடிப்பதைப் படமாகப் பார்ப்பது). “இதயத்தின்ர வலு பெரிசாக் கூடயில்லை, நானா” என்றார் டொக்டர் அம்மா, மறைக்காமல். “அது இப்பிடியே இருக்கலாம்.”

“அப்ப, நான் கேட்டது?”

“அதைப் படம் சொல்லாது. இப்ப பாப்பமா?”

தாதி சுத்தமான வெள்ளை விரிப்பொன்றை எடுத்துவந்தார். தொழ எந்தப் பக்கம் பார்ப்பது என்று டொக்டர் அம்மா கேட்டார். யன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்குப் பார்த்து நின்றேன். என் விரலில் ஒட்சிசன் (ஆக்சிஜன்) அளவு பார்க்கும் சின்னக் கருவியை மாட்டி, “மூச்சு முட்டினா உடன எழும்புங்க” என்றார் டொக்டர் அம்மா. ஹலீமா விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

முழங்கால் பட்டது. கை பட்டது. நெற்றி பட்டது.

விரிப்பின் கீழே சீமெந்தின் குளிர். நெஞ்சுக்குள் இருந்த கொஞ்சத் தண்ணீர் ஒருமுறை தளும்பி, பிறகு தன் இடத்தில் அமர்ந்தது. என் இதயம் மெலிவாக, துறையில் கட்டிய தோணி மரத்தில் முட்டுவதுபோல, அடித்துக்கொண்டிருந்தது. அது பழையபடி ஆகாது. இருக்கிற வலுவோடு என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. வெளியே இலக்கம் கூப்பிடும் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. நேரம் ஒரு மூச்சின் நீளத்துக்குச் சுருங்கி, அதற்குள் குடாவைப் போல அகலமாக விரிந்தது. வழக்கமான வார்த்தைகள் தாமாக வாயில் வந்தன.

மெல்ல நிமிர்ந்து திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது. டொக்டர் அம்மா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விரிப்பின் விளிம்பை மிதிக்காமல், வெறுங்காலோடு நின்றார்.