அலுமினியத்தை அரித்த திரவ உலோகம்

திருத்தணியில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுத் தருகிறேன். கோடையில் கணினி சூடாகி அடிக்கடி நின்றுவிடும். அதைக் குளிர்விக்கும் குழாயில் தண்ணீருக்குப் பதிலாக, காலியம் கலந்த திரவ உலோகத்தை ஊற்றினேன். சூடு நன்றாகவே குறைந்தது.

பத்தாம் நாள் மதியம், அறையைப் பெருக்கிய என் மனைவி, "இன்னாங்க இது, பெட்டிக்குள்ள வெள்ளி மாதிரி ஒழுகிகினு இருக்குது?" என்றாள்.

"தொடாத! மெயின ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன்.

குழாயை இணைத்த அலுமினிய மூட்டு, மின்சாரம் நின்றபின் என் விரல் பட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது. காலியம் அலுமினியத்தை அரித்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மின்சாரம் கடத்தும் அந்தத் துளி இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தால், மதர்போர்டோடு, கல்யாணச் சேலை ஆர்டருக்காகப் போட்டு வைத்திருந்த டிசைன்களும் போயிருக்கும்.

இப்போது குழாயில் தண்ணீர்தான் ஓடுகிறது. எந்தப் பாகத்தையும் அது என்ன உலோகம் என்று கேட்காமல் பூட்டுவதில்லை.