நூற்று நாற்பத்து மூன்றாம் வரிசை

தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். "மனசை அளக்குறா" என்பார். எதை வைத்து என்று மேலும் கேட்டால், "அது உங்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது" என்று முடித்துவிடுவார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்து எழுதுவது அவர் வேலை. முப்பது வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை.

தங்கை உளவியல் ஆய்வுத்துறையில் புள்ளியியலாளர். சிறுமியாக இருந்தபோதே காலியிடம் அவளுக்கு ஆகாது. நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் நான்கு வரி வெற்றாகக் கிடந்தாலும் கோடு போட்டு மூடினால்தான் தூக்கம் வரும்.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது வாழ்க்கைத் துணையை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு சுற்று. சுற்றுக்கு இருபது கேள்வி: தூக்கம், பசி, மனநிலை என்று. 'இல்லவே இல்லை' என்ற ஒன்றிலிருந்து 'முழுக்க உண்மை' என்ற ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பாதிப்பேர், ஒன்றுகூடி மனம்விட்டுப் பேசும் ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள். அவர்கள் தேறியிருக்கிறார்கள் என்று அவள் அறிக்கை சொன்னால், அந்தக் குழுவை எல்லா மருத்துவமனைகளிலும் அப்படியே தொடங்கிவிடுவார்கள். ஆய்வை நடத்திய பேராசிரியர் அதற்குத்தான் காத்திருந்தார்.

நாற்பத்தொரு பேர் நடுவிலேயே பதில் தராமல் நின்றுபோயிருந்தார்கள். அதற்கு வழி உண்டு. ஒருவர் முதலில் எழுதியதையும், அவரைப் போன்றவர்கள் பிறகு எழுதியதையும் பார்த்து, விட்டுப்போன பதிலைக் கணினி ஊகித்து நிரப்பும். ஒருமுறை அல்ல, சிறு சிறு மாற்றங்களோடு இருபது முறை. இருபதையும் சேர்த்துத்தான் முடிவு எடுப்பார்கள்.

நிரப்பியதைச் சரிபார்க்கும்போதுதான் நூற்று நாற்பத்து மூன்றாம் வரிசையில் அவள் கண் நின்றது. அந்த எண்ணுக்குரியவரை அவளுக்கு நினைவிருந்தது. 'காலையில் மனம் லேசாக இருக்கிறது' என்ற கேள்விக்கு ஒன்றை வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால், 'இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்' என்று எழுதியவர். மூன்று சுற்றோடு நின்றுவிட்டார். கணினியோ அவருக்கு நான்காம் சுற்றில் இரண்டு போட்டிருந்தது, ஐந்தில் மூன்று, ஆறில் நான்கு. மற்றப் பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். இருபதிலும் அவர் தேறிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து அந்த வரிசை அவளை விடவில்லை. பல் துலக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, யாரோ அமைதியான குரலில், "மனம் லேசாக இருக்கிறது, நான்கு" என்று சொல்வதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "என்ன புள்ளிக்காரி, முகம் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். அவர் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு படிச்ச? பூட்டின வீட்டுக்கு எங்க ஆபீஸ்லயும் பழைய அளவைப் பார்த்து ஒரு அளவு போடுவாங்க."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா."

"கிண்டல் இல்லம்மா. ஆனா ஏன் பூட்டியிருக்குன்னு நான் எழுதிக் கொடுக்கணும். ஊருக்குப் போயிருக்காங்களா, காலி பண்ணிட்டாங்களான்னு. அதை எழுதாம வந்தா எங்க மேலாளர் என் தோலை உரிச்சிடுவாரு."

தங்கை கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். காரணம். ஒருவர் பதில் தராமல் போனதற்கும் அவர் எழுதியிருக்கக்கூடிய பதிலுக்கும் தொடர்பில்லை என்றால்தான் அந்த நிரப்பல் செல்லும். மாணவர்களுக்கு வருடாவருடம் அவளே நடத்தும் பாடம் அது.

மறுநாள் காலையிலேயே படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கும் களப்பணி அம்மாவைப் பிடித்தாள்.

"நூற்று நாற்பத்து மூணா? நாலாவது சுத்துக்குப் போனப்ப வீடு பூட்டியிருந்துச்சு. போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. சாப்பாட்டையே விட்டுட்டாராம் மனுஷன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க? கதையெல்லாம் எழுத வேண்டாம், பதில் இல்லைன்னா ஒன்பது போட்டாப் போதும்னு."

சொன்னவள் அவள்தான். அட்டவணை சுத்தமாக இருக்கட்டும் என்று, எல்லா வெறுமைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தவள் அவள்.

மூன்று நாள் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்தொரு பேருக்கும் காரணம் எழுதினாள். ஆறு பேர் இறந்திருந்தார்கள். பதினான்கு பேர், வெளியே வரவே மனமில்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னவர்கள். மற்றவர்கள் வீடு மாறியவர்கள், வேலை கிடைத்தவர்கள். ஆறிலும் பதினான்கிலும் பெரும்பாலோர் ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள்.

இறந்தவர்களுக்குக் கணினி நிரப்பியிருந்த பதில்களை முதலில் அழித்தாள். பிறகு அந்தப் பதினான்கு பேருக்கும் கணினி ஊகித்த பதிலை அரைப் புள்ளி குறைத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு புள்ளி. எந்த இடத்தில் முடிவு கவிழ்கிறது என்று பார்க்க வேறு வழியில்லை. முகம் தெரியாத பதினான்கு பேரைத் தன் கையாலேயே மேலும் மேலும் வருத்தத்தில் தள்ளுவதுபோல் இருந்தது. அரைப் புள்ளியிலேயே ஆலோசனையின் பலன் பாதியானது. ஒரு புள்ளியில் காணாமல் போனது.

பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "ரெண்டு வருஷ உழைப்பும்மா. இதை அடிக்குறிப்புல போட்டுக்கலாமே."

"சார், இந்த நூற்று நாற்பத்து மூணு செத்து எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நம்ம அட்டவணையில போன மாசம் நல்லாத் தூங்கியிருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "ஒன்பதுன்னு வெச்சது யாரு?"

"நான்தான் சார். அதையும் எழுதியிருக்கேன்."

பலன் உறுதியாகவில்லை என்றே அறிக்கை போனது. மருத்துவமனைகளில் குழு தொடங்கவில்லை. அடுத்த ஆய்வில் ஒருவர் ஒரு சுற்றுக்குப் பதில் தராவிட்டால் இரண்டு நாளுக்குள் ஆள் மறுபடி போய்ப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று அவள் கேட்டாள். பேராசிரியர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் காலியிடம் விழுந்த அன்று களப்பணி அம்மாவோடு அவளும் போனாள். மாடியில் மூன்றாவது கதவு. தட்டினார்கள். பதில் இல்லை.

"வெளியே போயிருப்பாங்கம்மா" என்றார் அந்த அம்மா.

"இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் தட்டினாள்.