பைப் முனியும் அப்பாவின் பச்சையும்

எங்கள் வீட்டில் நான்கு வாக்குகள் இருந்தன. நான்கையும் அப்பாதான் போட்டார் என்று சொன்னால் சட்டப்படி தப்பு. ஆனால் நடந்தது அதுதான். கரவனெல்லை டவுனுக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டத்தில் அவர் தொழிற்சங்கத் தலைவர். தேர்தலுக்கு முதல் நாள் கோயிலடியில் தப்படித்து ஆட்களைக் கூட்டுவார். மாதிரி வாக்குச்சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, புள்ளடியை எங்கே போடுவது என்று காட்டுவார். பிறகு கற்பூரத்தைக் கொளுத்தி, ஒவ்வொருவராக அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார். சத்தியம் எப்போதும் பச்சைக் கட்சிக்கு.

ஏன் பச்சை என்றால், "நமக்கு ஓட்டுரிமை குடுத்தது அவங்கதான்" என்பார். "அதுக்கு முந்தி பறிச்சது யாருங்கப்பா?" என்று நான் கேட்டால், பறித்ததும் அதே பச்சைதான் என்பதால், அவருக்கு இருமல் வந்துவிடும். நல்ல இருமல். கொத்தமல்லித் தண்ணி கொடுத்தால்தான் நிற்கும்.

அம்மாவுக்குப் பச்சையும் ஒன்றுதான், நீலமும் ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்தது பீலி. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், பாறையிடுக்கிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் இடத்துக்கு அதுதான் பெயர். காலையில் றப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்து, குடத்தோடு அங்கே இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். அம்மாவின் வலது முழங்கால் அப்போதே கெட்டுப்போயிருந்தது. இன்னும் சில மழைக்காலம் போனால் அந்த ஏற்றத்தைத் தன்னால் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். "அதுக்குள்ள ஒரு பைப்பு வந்துரணும்டி" என்பாள். அவளுடைய அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.

தொண்ணூற்று நான்கில் எனக்கு முதல் வாக்கு. தேர்தல் நெருங்கும்போது பச்சைக் கட்சிக்காரர் ஒருவர் லொறியில் வந்தார். சிங்களவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். நாங்கள் எல்லோரும் சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். லொறி நிறைய பிளாஸ்டிக் பைப்புகள். மேல்மலை ஊற்றிலிருந்து லயம்வரை தண்ணீர் கொண்டுவரலாம் என்றார். கோயிலுக்குப் பக்கத்தில் பைப்புகளை அடுக்கிவைத்துவிட்டு, "வென்றதும் பொருத்தித் தருகிறோம்" என்று சிங்களத்தில் சொன்னார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அம்மா அடுக்கைத் தடவித் தடவிப் பார்த்தாள். கல்யாணப் புடவையைக்கூட அவள் அப்படித் தடவியிருக்க மாட்டாள்.

பச்சை தோற்றது. நாடே நீலத்துக்கு மாறிவிட்டது, எங்கள் தோட்டத்தைத் தவிர. அடுத்த கிழமையே செய்தி வந்தது: பைப்புகளைத் திரும்ப ஏற்றிப்போக ஆட்கள் வருகிறார்கள்.

ஆண்கள் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். அப்பா கரவனெல்லைப் பக்கம் சங்க வேலையாகப் போய்விட்டார். அதாவது, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு ஓடிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"மஞ்சத்தூள் எங்கடி வச்சிருக்க?"

"என்னாத்துக்கும்மா?"

"கேட்டதக் குடுடீ, வக்கீலு!"

தோட்டத்து ஸ்டோரில் றப்பர்ச் சீட்டு உருட்டும் மெஷினுக்குக் காவலாக ரோதை முனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம். அதற்குச் சுருட்டு வைத்துக் கும்பிடாமல் யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள். "ரோதைக்கு ஒரு முனி இருக்குறப்ப, பைப்புக்கு ஒன்னு இருந்தா என்னா கொறஞ்சு போச்சு?" என்றாள் அம்மா. பைப் அடுக்கு முழுக்க மஞ்சளைப் பூசினாள். வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்தாள். சிவப்புத் துணி கட்டி, எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்து, ஒரு சுருட்டையும் பற்றவைத்துச் செருகினாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கேட்காமலே வந்து குலவை போட்டார்கள்.

லொறி வந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையன்கள். எங்கள் திருவிழாவுக்கு வந்து நேர்த்திக்கடன் வைப்பவர்கள்தான். பைப்பைப் பார்த்தார்கள், புகைகிற சுருட்டைப் பார்த்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டான். இன்னொருவன் சட்டைப் பையைத் துழாவி ஒரு காசைப் போட்டுக் கும்பிட்டான். வெறும் லொறியாகத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குலுங்கும்.

சிரிப்பு அடங்கியதும்தான் வினை வந்தது. பைப்பு பிழைத்துவிட்டது, சரி. நாமே ஊற்றிலிருந்து இழுத்துவிடலாம் என்று அண்ணனும் கூட்டாளிகளும் மண்வெட்டியோடு வந்தார்கள். பூசாரி குறுக்கே நின்றுவிட்டார்.

"சாமியத் தூக்கி மண்ணுல பொதைப்பீங்களாடா? ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"அது சாமியில்லீங்க, நான்தான் மஞ்சப் பூசுனேன்" என்றாள் அம்மா.

"ஒன்னையப் பூச வச்சது யாருன்னு நெனைக்கிற?" என்றார் பூசாரி.

 அண்ணன் பிடிவாதமாக ஒரு பைப்பை உருவினான். அன்று நனைந்த மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவ்வளவுதான், பைப் முனி நிலைத்துவிட்டது. தகரக் கூரை போட்டார்கள். திருவிழாவில் அதற்கும் ஒரு படையல் ஒதுக்கினார்கள். அம்மா குடத்தோடு நொண்டி நொண்டி ஏறி வரும்போது அதைப் பார்த்துக் காறித் துப்புவாள். பிறகு பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

தேர்தல்கள் வந்து வந்து போயின. எங்கள் மாவட்டத்தில் தமிழர்களான நாங்கள் ஒரு பிடி உப்பு மாதிரி. தனியாக நின்று ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியாது, யாருடைய கறியிலாவது விழத்தான் வேண்டும். எந்தக் கறி என்பதில்தான் ஆட்டம் தொடங்கியது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பையன்கள் ஊருக்கு வந்து நீலம் என்றார்கள். சிலர் நம்முடைய ஆள் ஒருவர் நின்றால்தான் போடுவோம் என்றார்கள். நான் கரவனெல்லையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன்; அங்கே முதலாளி ஒரு நிறம், முதலாளியம்மா ஒரு நிறம். எங்கள் ஆட்களும் பழகிவிட்டார்கள். பச்சை லொறியில் ஏறிப்போய் வாக்குப் போடுவது, நீல லொறியில் ஏறித் திரும்பி வருவது, இரண்டு பக்கமும் பனிஸ் வாங்கித் தின்பது. அப்பா மட்டும் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டே இருந்தார். கையடிக்க வருகிறவர்கள் வரவரக் குறைந்தார்கள். வந்தவர்களும் மறு கிழமை நீலக்காரர் கொளுத்தும் கற்பூரத்திலும் அடித்தார்கள்.

இரண்டாயிரத்து நான்கு தேர்தலின்போது ஒரு ஜீப் வந்தது. நீலக் கொடி. இறங்கியவரைப் பார்த்து அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டார். அதே மாத்தயா! தலை நரைத்திருந்தது, சட்டை மாறியிருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. இவரை நம்பி ஒரே நிறத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

பைப் முனியின் புகழ் கீழே கிராமம்வரை போயிருந்ததால், மாத்தயா ஒரு போத்தல் சாராயமும் சேவலும் கொண்டுவந்திருந்தார். அது தாமே இறக்கிய பைப்பு என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. பூசாரி கற்பூரம் காட்டினார். மாத்தயா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். அம்மா! கூந்தல் அவிழ்ந்து கிடக்க, அந்தக் கெட்ட முழங்காலோடு, தரை அதிர ஆடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வாழ்நாளில் சாமி வந்ததில்லை. "பொம்பளைக்கு முனி வராதே" என்று பூசாரி முனகினார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "யா... யாரு வந்திருக்கது?" என்று பூசாரியே கேட்டுவிட்டார்.

"நான்தான்டா பைப் முனி! இவன் யாருடா? பச்சையில கொண்டாந்து எறக்குனான், நீலத்துல வந்து கும்புடுறான்! எனக்குச் சாராயம் வேணாம், சேவலு வேணாம். நாக்கு வறண்டு கெடக்கேன். என்னைய ஊத்துல கொண்டுபோயி மாட்டுடா!"

மாத்தயா வெலவெலத்துப்போய் என்னைப் பார்த்தார். சிங்களம் தெரிந்தவள் நான்தான் பக்கத்தில் நின்றேன். சாமி சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். சாமி சொல்ல மறந்த ஒன்றிரண்டையும் சேர்த்துச் சொன்னேன். செய்யாவிட்டால் எங்கள் தோட்டத்தில் அவருடைய எண்ணுக்கு விருப்பு வாக்கு ஒன்றுகூடத் தேறாது என்பது அதில் ஒன்று.

"வென்றதும் கட்டாயம் செய்கிறேன்" என்று அவர் கைகூப்பினார். நான் தமிழில் சொன்னேன்.

"வென்னதுக்கு அப்புறமா?" என்று முனி உறுமியது. "முன்னயும் இதத்தான சொன்ன! இப்பவே தூக்குடா தோள்ல!"

தூக்கினார். வெள்ளைச் சாரமும் வேர்வையுமாக, முதல் பைப்பை அவரே தோளில் வைத்துக்கொண்டு மலையேறினார். முனியே உத்தரவு கொடுத்த பிறகு பூசாரி என்ன செய்வார்? தேங்காய் உடைத்து வழிவிட்டார். அண்ணனும் மற்றவர்களும் மிச்சத்தைத் தூக்கினார்கள். வாக்களிப்பு நாளுக்கு முன்பே எங்கள் வாசலில் குழாய் கொப்பளித்துத் தண்ணீர் விட்டது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலை அதன் அடியில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, அன்னைக்கு நெசமாவே முனி வந்துச்சா?" என்று பிறகு கேட்டேன்.

"தண்ணி வந்துச்சுல்ல, அதப் பாரு" என்றாள்.

வாக்களிப்பு நாள் வந்தது. அந்த முறை தப்பும் இல்லை, கற்பூரமும் இல்லை. சிங்களப் பாடசாலையில் வரிசையில் நின்று, எங்கள் வீட்டு நான்கு பேரும் அவரவர் புள்ளடியைப் போட்டுவிட்டு வந்தோம். மாத்தயா வென்றார், எங்கள் வாக்கினால்தானா என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாக்குப் போட்ட அன்று பின்னேரம் அப்பா வாசலில் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். அவர் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் அதுவரை அவருக்கு வந்ததில்லை.

"நீ எதுக்குப் போட்ட?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இத்தன வருஷம் நீங்க குளிக்கிற தண்ணியையும் நான்தான் தூக்கியாந்தேன். எந்த எடத்துல வழுக்குது, எங்க விழுந்தேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? இப்ப ஓட்ட மட்டும் என்னாத்துக்குக் கேக்குறீங்க?"

அப்பாவுக்கு இருமல்கூட வரவில்லை.  பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தானே தண்ணீர் பிடித்தார். வாளி நிறைந்து காலடியில் வழிந்தது. குழாயை எந்தப் பக்கம் திருகினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை.