நிலை வைத்த கோழிக்கூடு

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பத்துப் பேர் கூடிய இடத்தில் ஓரமாக நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகியவன். அதிலும் நான் எழுதப்போவது ஒரு கோழிக்கூட்டைப் பற்றி. இதையெல்லாமா எழுதுவார்கள் என்று தோன்றுகிறவர்கள் இத்துடன் மூடி வைத்துவிடலாம், வருத்தப்பட மாட்டேன்.

எங்களுடையது கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவைக்குப் பின் சம்பந்தியம்மாள், தன் மகனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டியதுதான் என்று கோயிலில் நாலு பேர் நடுவில் சொன்னதாக எங்கள் காதுக்கு வந்தது. அதனால் மூன்றாவது முறை ஏழாம் மாதத்தில் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது, இந்தப் பிள்ளை தங்கினால்தான் அவளுக்கு அந்த வீட்டில் இடம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மருத்துவச்சி வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, தினமும் ஒரு முட்டை கொடுங்கள், பிள்ளை பெற்ற பிறகு கோழிச்சாறு வேண்டும், இப்போதே நாலு கோழி வளருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் முட்டை விலைக்குக் கிடைக்காது. வியாபாரிகள் வீடு வீடாக வாங்கி வெளியூருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

வளர்ப்பதற்கு இடம்தான் இல்லை. அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டபோது கொல்லைக்கு நடுவே சுவர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கிடைத்தது ஒரு கட்டில் போட்டால் நடக்க வழியில்லாத அளவுதான். அதற்குள் விறகு, துவைக்கிற கல், ஓர் ஆடு. கோழியை மூடுகிற பஞ்சாரக் கூடை கவிழ்க்கக்கூட இடமில்லை. கவிழ்த்தாலும் மரநாய் புரட்டிவிடும்.

இன்னொரு தடங்கலும் இருந்தது. எங்கள் பக்கத்தில், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது வீடு கட்டத் தொடங்க மாட்டார்கள். குழி தோண்டி மரம் நடக்கூடாது, வாசலுக்கு நிலைச்சட்டம் வைக்கக்கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். கோழிக்கூடு வீடாகுமா என்று நான் கேட்டதற்கு, நாலு கால் நட்டுக் கூரை போட்டால் எல்லாம் வீடுதான் என்றாள் என் மனைவி.

நான் இரண்டு நாள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிப்பதற்கு முன்னால் அங்கே ஒரு தாழ்வாரம் இருந்தது. அதன் விட்டங்கள் இரண்டின் முனைகள் வெட்டப்படாமல் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து கூட்டைத் தொங்கவிட்டால் தரையில் ஒரு குழியும் தோண்ட வேண்டாம். கீழே விறகு அடுக்கவும் இடம் மிஞ்சும். மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் யோசித்து, மண்ணைத் தொடாவிட்டால் சரிதான் என்றாள்.

பனஞ்சட்டங்களைக் கயிற்றில் கோத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தட்டு வைத்தேன். ஆழம் ஒரு முழம்தான். அகலத்தில் கிடைக்காத இடத்தை உயரத்தில் எடுத்துக்கொண்டேன். பக்கங்களுக்கு நொச்சி விளார் பின்னினேன். அதில் கோழிப்பேன் அண்டாது. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் சாம்பல் தூவிய மூங்கில் தட்டி ஒன்று. காலையில் அதை உருவி எச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டுத் திரும்பச் செருகிவிடலாம். யுத்தத்தில் ஆணி கிடைக்காததால் எல்லாக் கட்டும் ஊறவைத்த பனைநார்தான். கோழிகள் ஏற ஒரு சாய்வுப் பலகை. பொழுது இறங்கியதும் அதை எடுத்துவிடுவேன்.

கதவுதான் சரிப்பட்டு வரவில்லை. தட்டிக்கதவை மரநாய் கைவிட்டுத் திறந்துவிடும். பரணில் பழைய சன்னல் சட்டம் ஒன்று கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அதில் பலகைக் கதவு போட்டுக் கொண்டித் தாழ்ப்பாளும் மாட்டினேன். என் கையால் செய்த பொருளைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அன்று சாயங்காலம் அண்ணன் மனைவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் எதற்கும் கேலி பேசுகிறவள்.

"என்ன கொழுந்தனாரே, கோழிக்கு மாடி வீடு கட்டி நெலையும் வச்சாச்சு. பால் காய்ச்சுறது என்னைக்கு? சொன்னீங்கன்னா சீரோட வாரேன்."

என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மனைவி அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழி, கால், கூரை என்று எல்லாவற்றையும் யோசித்தவர்கள், அந்தச் சட்டமும் நிலைதான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவள் உள்ளே போய் விராலிமலை முருகனை வேண்டி மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைத்தாள். கழற்றச் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் மரநாய் அண்ணன் வீட்டுக் கோழியைக் கொண்டுபோயிருந்தது.

முட்டையிடுகிற கோழிகளாகப் பார்த்து நாலு வாங்கி விட்டோம். அதன் பிறகு வந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. காலையில் கொண்டியைத் திறந்து முட்டை எடுப்பது மகளின் வேலை. சூடு ஆறுவதற்குள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். மிளகுத்தூள் போட்டு அரைவேக்காட்டில் சாப்பிடுவாள். முகத்தில் தெளிவு வந்தது. மருத்துவச்சி மறுபடி இமையை இழுத்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்றாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு மத்தியானம் வலி கண்டது. பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள், வாயில் ஊதினாள். பிறகு துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அண்ணனும் நானும் எங்கள் வயலோரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

மகளுக்குப் பிள்ளையைக் காட்டவில்லை. காட்டக்கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். நான் குளித்துவிட்டு வந்து அவள் அருகில் உட்கார்ந்தேன்.

"யாரு சாடைப்பா?" என்று கேட்டாள்.

"ஒங்க ஆத்தா சாடை. நெத்தி அப்படியே."

"முடி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சு, தாயி."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோழிச்சாறு அவளுக்குக் கொடுத்தோம். குடிக்கச் சொன்னதால் குடித்தாள். அண்ணன் மனைவி வந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ என்னக்கா செய்வே என்று என் மனைவிதான் அவளைத் தேற்றினாள். என்னை மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கொல்லையைக் கூட்டும்போது கூடு இருக்கிற பக்கம் திரும்பாமல் கூட்டினாள். நான் கட்டினதால்தான் அப்படி ஆயிற்று என்று நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அதை அவளிடம் சொல்லுகிற தைரியம்தான் எனக்கு வரவில்லை.

தீட்டுக் கழிந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை மருமகனும் சம்பந்தியம்மாளும் வந்து பெண்ணை அழைத்துப்போவார்கள் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏங்க, நாளைக்குச் சம்பந்தியம்மா கொல்லைப்பக்கம் போவாங்க. அது கண்ணுல படக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சிய வச்சுக்கிட்டு நெல வச்சிருக்காங்கன்னு அது ஒண்ணு போதும் அவங்களுக்கு."

நான் அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நார்க்கட்டின் மேல் வைத்தபோது மகள் கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் அறுக்காதீங்கப்பா. கோழிக எங்கிட்டுப் போகும்? நெலைய மட்டும் எடுங்க."

மனைவியும் சரி என்றாள். நிலை இல்லாவிட்டால் அது தொங்குகிற கூடைதான். சட்டத்தையும் கதவையும் கழற்றி விறகோடு சேர்த்தேன். திறந்திருந்த வாயில் ஒரு சாக்கைக் கட்டினேன். மகள் தன் சேலைகளை மடித்து மூட்டை கட்டி வைத்தாள். மனைவி மறுநாள் சமையலுக்கு மொச்சை ஊறப்போட்டாள்.

மறுநாள் விடிந்தபோது சாக்கு கிழிந்து கிடந்தது. இரண்டு கோழிகளை மரநாய் கொண்டுபோயிருந்தது. பொழுது அடையும் வரை பார்த்தோம். மருமகன் வீட்டு வண்டி வரவில்லை.