பண்டாவுக்கு மூங்கில் வெட்டிய தவராசா அண்ணை

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரம் பார்த்து எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். எடுத்தால் முதலில் தெரிவது என் மகள் யாழினியின் முகம் அல்ல, ஒரு பண்டாவின் முதுகு. சென்ற மாதம் ஒரு ஞாயிறு பண்டாவைக் காணவில்லை. மகளின் முகம்தான் இருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. "அப்பா, தவராசா அங்கிள் போயிட்டார்" என்றாள். காலையில் வேலைக்கு வெளிக்கிட்டவர், சப்பாத்துப் போடக் குனிந்தபடியே சரிந்துவிட்டாராம்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அவருடைய அக்கா நீர்வேலியிலிருந்து கேட்டார். நான் சந்திரன், சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம். தவராசா அண்ணையை நேரில் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் ஆறு வருடமாக அவர்மேல் பொறாமைப்பட்ட ஆள் என்ற தகுதி எனக்கு உண்டு. அதற்குப் போட்டியாக இன்னொருவர் வரமாட்டார் என்றே நினைக்கிறேன்.

யாழினி படிக்கவென்று ஜேர்மனிக்குப் போன முதல் வருடம், தனிமை தாங்காமல் மிருகக்காட்சிச்சாலைக்குப் போயிருக்கிறாள். பண்டாக் கூட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் கட்டு இறக்கிக்கொண்டிருந்த நரைத்த மனிதர் ஒருவர், கட்டு காலில் விழுந்ததும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் அதைத் திட்டினாராம். இவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், பிள்ளைக்கு அங்கே ஒரு சொந்தம் கிடைத்தது. ஞாயிறுதோறும் அந்தக் கூட்டடியில் நின்றுதான் எங்களுக்குப் போன் எடுப்பாள். எனக்கு ஒரு போட்டியாளர் கிடைத்தார்.

பண்டாவுக்கு மூங்கில் வெட்டிக் கழுவிக் கொடுப்பது அண்ணையின் வேலை. நீர்வேலி வாழைத்தோட்டத்தில் இலை வெட்டிப் பழகிய கை என்று சொல்லிக்கொள்வார். எவ்வளவு நல்ல மூங்கிலைக் கொடுத்தாலும் பண்டா மணந்து பார்த்துவிட்டுப் பாதியைத் தூக்கி எறியுமாம். "பெண் பாக்க வாற மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி" என்பார். என் மனிசி போனைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சொல்லும் பகிடிக்கு அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

பண்டாவிலும் எனக்குப் பொறாமைதான். குளிரூட்டிய வீடு, கிடந்தபடி சாப்பாடு, பார்த்துக் கைதட்ட ஆட்கள். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "நீங்களும் கிடந்துதானே தின்னுறியள். கைதட்டேல்லை எண்டதுதானோ குறை?" என்றாள் மனிசி.

ஊரிலிருந்து போன ஒருவரிடம் யாழினிக்குக் கறித்தூள் கொடுத்துவிட்டோம். அடுப்படியில் தும்மித் தும்மி நானே வறுத்த தூள். அடுத்த ஞாயிறு மகள் சொன்னாள், "அங்கிள் தூள் நல்லாய் இருக்காம் அப்பா. ஆனால் வறுவல் கொஞ்சம் கூடிப்போச்சாம்." தூளை அனுப்பியவன் நான், ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் அவர். அன்று பின்னேரம் மிச்சத் தூளை ஒருவருக்கும் தெரியாமல் நக்கிப் பார்த்தேன்.

பிறகு பட்டமளிப்பு வந்தது. யாழ்ப்பாணத்துத் தையற்காரரிடம் எனக்கு ஒரு கோட்டுத் தைத்தோம். வாழ்க்கையில் முதல் கோட்டு. போட்டுப் பார்த்தபோது எனக்கே என்னோடு மரியாதையாகக் கதைக்க வேண்டும்போல இருந்தது. விசா கிடைக்கவில்லை. பண்டாவுக்குக் கிடைத்த விசா எனக்குக் கிடைக்கவில்லையே என்று இரண்டு நாள் புலம்பினேன். "இந்த வெக்கைக்குள்ளை உதைப் போட்டு ஆருக்கு வேடிக்கை காட்டப்போறியள்?" என்று மனிசி அதை மடித்து, ஜேர்மனிக்குப் போகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். பட்டமளிப்பில் தகப்பனுக்கென்று இருந்த கதிரையில் தவராசா அண்ணை இருந்தார், என் கோட்டோடு. எனக்கென்று அளவெடுத்தது அவருக்குத்தான் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது.

அந்தப் படம் எங்கள் வீட்டு முன்சுவரில் ஏறியது. வீட்டுக்குப் புதிதாய் வந்தவர்கள், "இவரோ பெட்டையின்ரை தேப்பன்?" என்று என்னிடமே கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நான் போனை வாங்கி அவரிடமே சொன்னேன்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. யாழினிக்கு அப்பா எண்டு நான் ஒருத்தன் இன்னும் உயிரோடை இருக்கிறன்."

அவர் கோபிக்கவில்லை. போனைப் பண்டாவின் பக்கம் திருப்பினார். குரல் மட்டும் வந்தது.

"தம்பி, உது இந்த நாட்டின்ரை பண்டா இல்லை. சீனாக்காரர் இரவலாய்த் தந்தது. இஞ்சை பிறந்த குட்டியும் அவையின்ரைதான். கண் முழிக்காத நாளிலையிருந்து பாத்த குட்டி. வா ராசா, தின்னு ராசா எண்டு தமிழிலைதான் கதைச்சனான். நாலு வயசிலை பெட்டியிலை ஏத்தி அனுப்பினம். அங்கை அதுக்கு ஆர் தமிழ் கதைக்கிறது? இரவல் பிள்ளையைப் பாக்கிறது எனக்குப் பழகின வேலை. பயப்பிடாதேங்கோ. உங்கடை பிள்ளையையும் திருப்பித் தருவன்."

அதோடு என் பொறாமை தீர்ந்திருந்தால் நான் நல்ல மனிதன். தீரவில்லை, கூடியது. கறித்தூளிலும் கோட்டிலும் மட்டும் அல்லாமல், குணத்திலும் அல்லவா இந்த மனிதர் என்னை வென்றுவிட்டார்.

அவர் போனபின் அவருடைய அறையை ஒழுங்குபடுத்தியவள் யாழினி. அலுமாரியில் என் கோட்டு, சலவை செய்து, உறை போட்டுத் தொங்கியதாம். அதில் ஒரு கடதாசித் துண்டு குத்தியிருந்தது. "சந்திரன் தம்பியின்ரை. திருப்பிக் குடுக்க வேணும்." கோட்டைக் கொண்டுவரட்டோ என்று மகள் கேட்டாள். அவருக்கே போட்டுவிடச் சொன்னேன். எனக்கு அளவெடுத்த கோட்டோடு அவர் போய்விட்டார்.

அவருக்கு அங்கே வேறு ஆட்கள் இல்லை. கீரிமலைக் கடலில் கரைக்க அவருடைய சாம்பலை யாழினிதான் கொண்டுவந்தாள். படிப்பு, வேலை, லீவு இல்லை என்று ஆறு வருடம் நான் கூப்பிட்டு வராத பிள்ளை, சென்ற கிழமை வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் வாகனத்தில் ஏறும்போது பெட்டிகளை எல்லாம் என்னிடம் தந்தாள். கையில் வைத்திருந்த சாம்பல் செம்பை மட்டும் தரவில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் அதைக் கட்டிப்பிடித்தபடியே, என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். நான் அசையாமல் இருந்தேன். பாரம் தோளில் ஏறிய பிறகுதான், அவர் சொன்னபடி திருப்பித் தந்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது.

கோட்டு அவரோடு போயிற்று. துண்டை யாழினி தந்தாள், என் சட்டைப் பையில் இருக்கிறது. மிச்சம் இந்தப் பொறாமை ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. நானே வைத்திருக்கிறேன், அண்ணை.