சித்தியின் கார்னே திறக்கவில்லை

பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் செய்தியைத் திருத்துகிறவன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது தட்டச்சும் சேமிப்பதும்தான். ஆனால் உப்பளம் பகுதியில் இருக்கும் சித்தப்பா போன் செய்தபோது இதையெல்லாம் விளக்க வழியில்லை.

"கார்னே தொறக்க மாட்டேங்குதுடா. கை வச்சா ப்ரோக்ராமே சாத்திக்குது."

கார்னே என்றால் பிரெஞ்சில் சின்ன நோட்டு. ஈமெயில் ப்ரோக்ராமில் இருக்கும் முகவரிப் புத்தகத்தைச் சித்தி அப்படித்தான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு நடத்தி ஓய்வு பெற்றவர். நீல நிற ஏர்மெயில் தாளில் வருடக்கணக்கில் எழுதிய கை, கீபோர்டுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. எங்கள் குடும்பம் பாதி இங்கே, பாதி பிரான்சில். வரன் அமைந்தாலும், ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், செய்தி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போயாக வேண்டும். அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வது எங்களுக்குள் அவமானம். அதற்காக ஒரு கல்யாணத்துக்கு வராமலே இருந்தவர்கள் உண்டு. யாருக்கும் அந்தக் குறை வராமல் பார்த்துக்கொண்டவர் சித்தி.

அவர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. வருஷப் பூசைக்குச் சித்தப்பா எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

நான் போனபோது சித்தப்பா கம்ப்யூட்டருக்கு எதிரில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போவதற்குத் தயாரானவர் போல. சாப்பாட்டு அறையின் மூலையில், சித்தி பின்னிய துணி விரித்த மேசை மேல் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. ப்ரோக்ராமைத் திறந்தேன். கடிதங்கள் வந்தன. முகவரிப் புத்தகத்தின் படத்தை அழுத்தினேன். திரை வெளுத்தது, கொஞ்சம் யோசித்தது, எல்லாம் மூடிக்கொண்டது.

"பாத்தியா?" என்றார் சித்தப்பா. தான் சொன்னது பொய்யில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ப்ரோக்ராமின் புதிய பதிப்பை இறக்கினேன். கூடுதலாகச் சேர்த்திருந்தவற்றையெல்லாம் நிறுத்திப் பார்த்தேன். அப்படியேதான். பிறகு முகவரிப் புத்தகத்தின் பைலைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அசலை வேறு இடத்துக்கு நகர்த்தினேன். இப்போது அழுத்தியதும் புத்தகம் திறந்தது. உள்ளே ஒரு பெயரும் இல்லை. ப்ரோக்ராமில் கோளாறு இல்லை, பைலில்தான் என்பது தெரிந்தது.

பாரிஸ் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் மகன் போனில் இருந்தான். "அப்போ முடிஞ்சுதுண்ணா. பழசத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஆரம்பிங்க. அட்ரஸ் எல்லாம் நான் அனுப்பறேன்."

"அட்ரஸ யாருடா கேட்டா?" என்றார் சித்தப்பா. போனை என்னிடமிருந்து வாங்கி அணைத்தார்.

அவருக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. சித்தி தொட்டார். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டு நாய் செத்துப்போனது, யாரிடம் மருமகளைப் பற்றி விசாரிக்கக் கூடாது, எல்லாம் அங்கே இருந்தது. கடிதம் எழுதுவதற்கு முன் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்குவார். மனைவி போன பிறகு சித்தப்பா மாலையில் அதைத்தான் திறந்து படித்துக்கொண்டிருந்தார். மகன் தூக்கிப் போடச் சொன்னது அதைத்தான்.

அசல் பைலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். புதுக் கடிதம் ஒன்றைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்தேன். அந்த எழுத்தில் தொடங்கும் உறவினர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். பெயர்கள் சாகவில்லை.

அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். கேள்வி கேட்டேன்.

"கடைசியா எப்ப தொறந்துது?"

"போன வாரம்."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லும் எவரையும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது என் அனுபவம். கேட்டேன்.

"ஒங்க அத்தை போன் பண்ணிச்சு," என்றார். அத்தை அவருடைய தங்கை, பிரான்சில் இருப்பவர். "அண்ணி இருந்த வரைக்கும் எல்லாம் ஒழுங்கா வந்துது, இப்ப நாங்க ஒனக்கு யாரோ ஆயிட்டோம்னு ஒரு பாட்டம். அதான் நான் உப்பளம் குரூப்ப அப்படியே பிரான்சு குரூப்புக்குள்ள போட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா யாரும் வாயத் தொறக்க முடியாதில்ல."

முகவரிப் புத்தகத்தில் பல பேரை ஒரே பெயரின் கீழ் சேர்த்து வைப்பதுதான் குரூப்; அதற்கு அனுப்பினால் எல்லோருக்கும் போகும். சித்தியும் இதே காரணத்துக்காக, இதையே, மறுபக்கத்திலிருந்து எப்போதோ செய்து வைத்திருந்தார். அவருடைய உப்பளம் குரூப்புக்குள் ஏற்கெனவே பிரான்சு குரூப் இருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்குள்ளும் மற்றது. புத்தகத்தைத் திறந்ததும் ப்ரோக்ராம் உப்பளத்திலிருந்து பிரான்சுக்குப் போய், அங்கிருந்து உப்பளத்துக்கு வந்து, மறுபடி பிரான்சுக்குப் போய், களைத்து விழுந்துகொண்டிருந்தது.

பிரதி எடுத்த பைலை நோட்பேடில் திறந்தேன். நீளமான எழுத்துக் குவியலுக்கு நடுவில் அந்த இரண்டு வரிகளும் கிடைத்தன.

"ஒண்ண எடுக்கணும் சித்தப்பா. பிரான்சுக்குள்ள உப்பளமா, உப்பளத்துக்குள்ள பிரான்சா?"

அவர் யோசிக்கவில்லை. "நான் பண்ணத எடு. அவ பண்ணது இருக்கட்டும்."

ஒரு வரியை வெட்டினேன். செய்தி மேசையில் தினமும் செய்கிற வேலைதான்; அன்று சரியான வரிதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பைலை அதன் இடத்தில் வைத்து, படத்தை அழுத்தினேன்.

திறந்தது.

சித்தப்பா நாற்காலியை என்னிடமிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டார். முதலில் தேடியது என் பெயரை. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார்: "மீன் குழம்பு பிடிக்கும். பத்திரிகைக்காரன், இவனிடம் வீட்டு விஷயம் எதுவும் சொல்லக் கூடாது."

"இத நீ எழுதிடாத," என்றார். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பூசை நாளையும் நேரத்தையும் நாலு வரியில் எழுதி, உப்பளம் குரூப்புக்கு அனுப்பினார்; பிரான்சும் அதற்குள்தான். அந்தக் குரூப்பில் சித்தியின் சொந்த முகவரியும் இருப்பதை நான் பார்த்தேன். எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அவளுக்கு வந்தாத்தான் எல்லாருக்கும் போச்சுன்னு அர்த்தம்," என்றார். சித்தியின் வழக்கம் அதுதானாம்: அனுப்பியதும் தன் ஈமெயில் பெட்டியில் வந்துவிட்டதா என்று பார்ப்பது.

சித்தியின் பெட்டியைத் திறந்தார். மேலே புதிதாக ஒரு கடிதம் இருந்தது. அதைத் தனக்கு வந்ததுபோல முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார்.