சூடு தெரியாத கை

நோயின் முதல் அறிகுறியை நான் திறமை என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். சமையலறையில் வேலை செய்கிற உங்களில் எத்தனை பேர் இதே தப்பைச் செய்துகொண்டிருக்கிறீர்களோ, யார் கண்டது?

என் பெயர் மல்லிகா. ஊர் இலங்கையில், மலையகம். துபாய்ப் பக்கம் அஜ்மானில் ஓர் அல்ஜீரியக் குடும்பத்துக்கு ஆறு வருஷமாகச் சமைக்கிறேன். வீட்டு மேடம் நஸீமா, பள்ளிக்கூட ஆசிரியை; அவர் கணவரைச் சார் என்பேன். அரபியும் இங்கிலீஷும் கலந்துதான் நாங்கள் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் குஸ்குஸ்தான். கோதுமை ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி உருட்டிக் கடுகளவு மணிகளாக்க வேண்டும். ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் கொதிக்கிற பானைமேல் ஓட்டைச் சட்டியை ஏற்றி, மூன்று தடவை ஆவியில் அவிக்க வேண்டும். நம் புட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அடம் மட்டும் பத்து மடங்கு.

ஒவ்வொரு தடவை அவித்த பிறகும் பெரிய மரத்தட்டில் கொட்டி, எண்ணெய் தடவி, கட்டிகளைக் கையால் உதிர்க்க வேண்டும். மேடம் மரக்கரண்டியோடுதான் கிட்டே வருவார். நான் ஆவி பறக்கும்போதே கையை விட்டுவிடுவேன்.

"மாஷா அல்லாஹ்! எங்க அம்மா கை மாதிரியே உன் கையும் பழகிருச்சு" என்பார். ஊரில் இருக்கும் தன் தங்கைக்கு வீடியோவில் என் கையைக் காட்டியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உண்மை என்னவென்றால், அதற்கு வெகுநாள் முன்பே வலது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. காலையில் எழுந்ததும் கையை உதறினால்தான் உயிர் வரும். சட்டைப் பொத்தான் போட முடியாது. ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"மேடத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லிறாத. கை முடியலன்னா டிக்கெட்ட போட்டு அனுப்பிருவாங்க" என்றார். எனக்கும் அதே பயம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுட்டுவிரலின் தோல் உரிந்து சோப்பு நுரையில் மிதந்தது. மற்ற இரண்டு விரல்களிலும் கொப்புளம். பின்னால் நின்ற மேடமும் பார்த்துவிட்டார்.

"எப்ப சுட்டுச்சு?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னா?"

"சுட்டதே தெரியல."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாராட்டிக்கிட்டே இருந்தேனே மல்லிகா" என்று அழுதார். அழுது முடித்துக் கார் சாவியை எடுத்தார். "யல்லா, கிளம்பு."

டாக்டர் திருச்சிக்காரர். அது பெரிய ஆறுதலாக இருந்தது. நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்சாரம் செலுத்தி, நரம்பு செய்தியை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். எனக்கு இருந்தது மணிக்கட்டு நரம்பு நெருக்கம் (விரல்களுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டின் குறுகிய வழியில் நசுங்குவது). இது பலருக்கும் வருவதுதானாம். நான்தான் முற்றவிட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

"சூடு தெரியலையேன்னு பயம் வரலையாம்மா?"

"கை பழகிருச்சுன்னு நெனச்சேன் டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்தார். "பழகின கைக்கும் சூடு தெரியும்மா. தாங்கிக்கும், அவ்வளவுதான். தெரியவே இல்லன்னா அது பழக்கமில்ல, நோய்." ஆபரேஷன் செய்தால் மேலே கெடாமல் தடுக்கலாம், போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். ஊரில் தேயிலைக் கொழுந்து பறித்ததும் இந்தக் கைதான், இங்கே பிழைப்பதும் இந்தக் கைதான். "என்னை அனுப்பிறாதீங்க மேடம்" என்றேன். "குஸ்குஸ் இல்லாம வெள்ளிக்கிழமை போனா போகட்டும். முதல்ல கை" என்றார்.

ஆபரேஷன் சின்னதுதான். அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய கொடுமை. மேடம் ரவை உருட்ட, நான் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் அமர்ந்து மேற்பார்வை.

"தண்ணி கூடிப்போச்சு மேடம். களியாயிரும்."

"இது எங்க ஊர்ச் சாப்பாடு மல்லிகா!"

"உங்க ஊர்தான். அதுக்காகக் கொழகொழன்னா திங்க முடியும்?"

அன்றைக்குக் களிதான் சாப்பிட்டோம்.

தையல் பிரித்ததும் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணத்தில் இருப்பது நைஸ் ரவையா, கொரகொரப்பான ரவையா என்று விரலால் தடவிச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தப்புத் தப்பாகச் சொன்னேன். ஒருநாள் எரிச்சலில் கிண்ணத்தை எறிந்தேன்; பிறகு நானே கூட்டி அள்ளினேன். உங்களுக்கும் அப்படி ஒருநாள் வரும். எறிந்துவிட்டு மறுபடி உட்காருங்கள். நரம்புக்கு நம் அவசரம் தெரியாது.

நாலாம் மாதம். மேடம் முதல் ஆவி அவித்த குஸ்குஸை மரத்தட்டில் கொட்டினார். நான் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தேன்.

"ஐயோ அம்மா!"

கையை இழுத்துக்கொண்டேன். நம்பிக்கை வராமல் மறுபடி வைத்தேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று மேடம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சுடுது மேடம், சுடுது!"

வெட்கமே இல்லாமல் அழுதேன். அவர் குழாயைத் திறந்து என் விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, தானும் அழுதார்.

நடுவிரல் நுனி இன்னும் முழுசாக வரவில்லை, வராமலும் போகலாம். ஆனால் ஒன்று மாறிவிட்டது. முன்பு என் கை வேலையின் வேகத்துக்கு ஓடியது. இப்போது வேலை என் கைக்காக நிற்கிறது. மூன்று தடவை அவிக்கிறேன், மூன்று தடவை ஆறவிடுகிறேன். சாப்பாடு முன்னைப்போல நேரத்துக்கு ஆவதில்லை.

போன வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்துப் பசியோடு வந்த சார், "இன்னும் ஆகலையா?" என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தார்.

மேடம் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் மரத்தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டினேன்.

"மல்லிகா கைக்கு இன்னும் சுடுதாம்" என்றார் மேடம். "உட்காருங்க எல்லாரும்."